நாற்பத்தொரு பேர் காடு வெட்டினார்கள்

பாறசாலையில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் நின்றுகொண்டே வந்தவன், ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் குதித்துவிட்டேன். பெட்டி மேல் பலகையில் இருந்தது. வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக அதன் நீல மூலை தெரிந்தது. அது பாட்டுக்கு நாகர்கோவிலுக்குப் போயிற்று. அதற்குள் நாலு சட்டையும், ஐரோப்பாவின் பச்சைப் பட்டியலை அச்சடித்த தடித்த கோப்பும் இருந்தன. அப்போது சட்டைக்காகத்தான் வருந்தினேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில். என்ன வேலை என்று மன்னார்குடியில் இருக்கும் என் அக்காவுக்கே இன்னும் விளங்கவில்லை. எனக்கும் சில நாட்களில் அதே சந்தேகம் உண்டு. பணம் போடுகிறவர்களுக்கு, தங்கள் பணம் பூமியைக் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. எது கெடுக்காத தொழில் என்று நாட்டுக்கு நாடு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல்களை அக்கம்பக்கம் வைத்து, இந்தத் தொழில் எந்த நாட்டில் பச்சை, எந்த நாட்டில் பச்சையில்லை என்று ஒப்பிட்டு எழுதிக் கொடுப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஐரோப்பியர் பட்டியலில் ஒரு நல்லது செய்தால் மட்டும் போதாது, மற்ற எதற்கும் பெரிய கெடுதல் செய்யவும் கூடாது. இத்தனை கறாராகப் பேசிவிட்டு அணு உலைக்கும் எரிவாயுவுக்கும் நிபந்தனை போட்டு இடம் கொடுத்துவிட்டார்கள். சீனர்கள் மளிகைச் சாமான் எழுதுவதைப் போல ஒவ்வொன்றாகப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் இடம் இருந்தது, பிறகு அடித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் போக்குவரத்து விளக்கின் மூன்று நிறங்கள். மஞ்சள் என்றால் இன்னும் தேறவில்லை, தேறும் வழியில் இருக்கிறது என்று பொருள். இந்தியா வரைவு போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை வந்த வேலை இதுதான். ஆரியங்கோட்டுக்கு அப்பால் ஒரு சரிவில் சிறு ரப்பர் விவசாயிகள் நாற்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு கொட்டகை நடத்துகிறார்கள். பாலை உறைய வைத்து, உருளையில் தட்டி, ஷீட்டாக்கி, விறகடுப்புப் புகை நிறைந்த அறையில் உலர்த்துகிறார்கள். உறைய வைக்க அமிலம் ஊற்றுவதால் மிச்சத் தண்ணீர் நாறும். அது பக்கத்து ஓடையில் கலக்கிறது என்று புகார் போய், மார்ச்சுக்குள் சுத்திகரிப்புத் தொட்டி கட்டாவிட்டால் கொட்டகையை மூட வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. தொட்டி கட்டினால் அதிலிருந்து வரும் வாயுவிலேயே அடுப்பு எரியும், விறகும் வேண்டாம். ஐரோப்பாவில் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் ஒரு நிதி, குறைந்த வட்டிக்குக் கடன் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, எல்லாப் பட்டியலிலும் பச்சை விழ வேண்டும். தமிழ் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோவோடு சுனில் காத்திருந்தார். கொட்டகையின் செயலாளர் ஸ்டெல்லா ஏற்பாடு செய்து அனுப்பிய ஆள். பெட்டி போன கதையைக் கேட்டுவிட்டு உடனே போனை எடுத்தார். "எலே, நாகர்கோயில் ஸ்டேஷன்ல நம்ம ஆளு உண்டா? ஒரு நீலப் பெட்டி வருது. நல்ல கனமாக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "கிட்டும் சாரே. இல்லன்னா கன்னியாகுமரி வர போயிட்டு திரும்பி வரும், அதுக்கு அந்தப் பக்கம் கடலாக்கும்" என்றார்.

முதலில் சட்டை வாங்க வேண்டும் என்று களியக்காவிளைக்குக் கூட்டிப்போனார். அங்கே சாலைக்கு நடுவில் மாநிலம் முடிகிறது. ஒரு பேருந்து திரும்ப முடியாமல் குறுக்கே நின்றதில் இரண்டு மாநிலமும் அரை மணி நேரம் நகரவில்லை. நான் இறங்கி நடந்தே தமிழ்நாட்டுக்குப் போய் இரண்டு சட்டை வாங்கிக்கொண்டு, ஆட்டோ நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தேன். பலகையின் எழுத்து மாறியதைத் தவிர வேறு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பேச்சு இரு பக்கமும் ஒன்றுதான், பாதித் தமிழில் ஆரம்பித்து பாதி மலையாளத்தில் முடிகிறது.

போகிற வழியில் சுனிலிடம் உங்களுக்கும் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"உண்டு சாரே. நூத்தறுபது மூடு." மூடு என்றால் மரம்.

"வெட்டாம வெச்சிருக்கீங்களா?"

"அதெப்படி? ஒண்ணுவிட்ட நாள் வெட்டுவேன். இண்ணு காலையிலயும் வெட்டிட்டாக்கும் வாறேன்."

ஒருநாள் விட்டு ஒருநாள் நூற்றறுபது மரம் சாய்க்கும் மனிதரின் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேனா என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். அப்புறம் விளங்கியது. இங்கே வெட்டு என்றால் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. மரத்தை அடியோடு சாய்த்தால் அதற்குப் பெயர் முறிப்பு. சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த ஊர்ப் பேச்சு பிடிபட்டுவிட்டது என்று எனக்கே ஒரு தைரியம் வந்தது. அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, திறக்க மனம் வருவதில்லை.

இரண்டாம் நாள் கொட்டகைக்குப் போனேன். நாற்றத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள், ஆனால் காலை நேரத்தில் அது மோர் புளித்த வாசனை போலத்தான் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம், வேகமான நடை. கை குலுக்கியபோது அவர் விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

"அண்டி ஆப்பீஸ் சாரே" என்றார். மார்த்தாண்டம் பக்கத்து முந்திரித் தொழிற்சாலையைச் சொல்கிறார். பதினாறு வருஷம் அங்கே முந்திரி உடைத்தாராம். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை அழிந்துபோயிற்று. ரேஷன் கடை எந்திரம் அவர் விரலை ஏற்றுக்கொள்ளாது, அரிசிக்கு மகளை அனுப்ப வேண்டும். "இந்தக் கொட்டக வந்த பொறவாக்கும் தொலி கொஞ்சம் வளருது. இது பூட்டினா திரும்பவும் அங்கதான். அதுக்கு எனக்கு வய்யாது."

அவரோடு இன்னும் ஐந்து பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். எல்லாரும் அண்டி ஆப்பீஸிலிருந்து வந்தவர்கள்தான்.

பத்து மணிக்கு விவசாயிகள் வந்து சேர்ந்தார்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டு, தாலூக்கா ஆபீசுக்குப் போவதைப் போல ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வந்திருந்தார்கள். பட்டியல் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிறம், நிறத்துக்கு ஏற்ப வட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த தங்கராஜ் என்ற பெரிய மீசைக்காரர் கையைத் தூக்கினார்.

"ரேஷன் கார்டு போலயாக்கும்?"

கூட்டம் முழுக்க ஒரே சமயத்தில் தலையை ஆட்டியது. கேரளத்தில் ரேஷன் அட்டை நிறம் நிறமாக இருக்கிறது. மஞ்சள் மிக ஏழைக்கு, பிங்க் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், வெள்ளை. பரம ஏழைக்கு வெள்ளை அட்டையும் வளைகுடாவில் மகன் இருக்கிறவனுக்கு மஞ்சள் அட்டையும் விழுவது எப்படி என்று அவர்கள் எனக்கே அரை மணி நேரம் விளக்கினார்கள். சிங்கப்பூரில் மாநாட்டு அரங்குகளில் இவ்வளவு தெளிவாக யாரும் வகைப்பாட்டைப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு என் போனில் இருந்த படிவத்துக்கு வந்தோம். அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியவன் நான்தான். இதைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியப் பணம் என்பதால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: 2020ஆம் ஆண்டு முடிந்த பிறகு காடாக இருந்த இடத்தை அழித்து வந்த ரப்பரா? அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு நிரல் ‘காடழிப்பு நிகழ்ந்துள்ளதா’ என்று கொடுத்திருந்தது. எனக்கு இந்தப் புத்தகத் தமிழ் பிடிக்காது. சனங்களுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டாமா என்று அடித்துவிட்டு, ‘2020க்குப் பிறகு உங்கள் நிலத்தில் காடு வெட்டினீர்களா?’ என்று நானே எழுதினேன். மேலாளர் பாராட்டினார்.

முதலில் உட்கார்ந்தவர் தங்கராஜ். கேள்வியைப் படித்தேன்.

"பின்ன, வெட்டாம?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. "எல்லா வருசமும் சுத்தமா வெட்டிப்போடுவேன். ஒரு மூட்டுல கூட வச்சிருக்க மாட்டேன்."

அடுத்தவரும் ஆமாம் என்றார். அதற்கு அடுத்தவர், தன் பக்கத்து நிலத்துக்காரன் சோம்பேறி, வெட்டாமல் போட்டிருக்கிறான் என்று கோள் சொன்னார். அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் எழுந்து, போன மாதமே வெட்டியாயிற்று, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று என்னிடம் முறையிட்டார். இவ்வளவு உற்சாகத்தோடு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனிதர்களை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. ஏழைகள், பொய் சொல்லத் தெரியவில்லை, நான் என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டு வரிசையாக ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனேன். நாற்பத்தொரு ஆம்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் போட்டார்கள். சோறு கொட்டை கொட்டையாக இருந்தது, டெல்டாக்காரன் வாய்க்குள் உருண்டுகொண்டே இருந்தது. குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் தந்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரோ என்று தயங்கினேன், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சியது என்றார் ஸ்டெல்லா. நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குக் கவலை. எனக்கோ அவர்களை ஏறிட்டுப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கிழங்கை விரலால் பிசைந்துகொண்டே, இத்தனை நல்லவர்கள் காட்டை ஏன் அழித்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒற்றசேகரமங்கலம் பக்கம் சிலருடைய நிலங்களை நேரில் பார்க்க சுனிலோடு கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் ஆட்டோவின் கிளட்ச் கேபிள் அறுந்தது. அறுந்த இடத்துக்கு எதிரே ஒரு வாடகைக் கடை, வாசலில் பந்தல் கம்பிகளும் பெரிய பாத்திரங்களும் கிடந்தன. மேலே மலையாளத்தில் ஒரு பலகை. பொழுது போகாமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சுனிலைக் கேட்டேன். அவர் கேபிளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "காடு வெட்டிக் கொடுக்கப்படும். போன் நம்பர் போட்டிருக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டை அழிக்க இந்த ஊரில் போன் செய்தால் போதுமா? பலகை வைத்து, பட்டப்பகலில்? நோட்டை எடுத்துக் குறிப்பு எழுதினேன். பலகையைப் படம்கூடப் பிடித்தேன்.

"எவ்வளவு பெரிய காட்டை வெட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"பத்து சென்டு, இருவது சென்டு, நீங்க சொல்லுறது போல. தா, அங்க வெட்டுறானில்லியா."

திரும்பிப் பார்த்தேன். கடைக்குப் பக்கத்துச் சரிவில் ஒல்லியான ஒரு ஆள் தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நீண்ட குழாயின் நுனியில் சுழலும் பிளேடால் ரப்பர் மரங்களுக்கு இடையில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லையும் தொட்டாச்சிணுங்கியையும் சீவிக்கொண்டிருந்தான். மரங்கள் அப்படியே நின்றன. பச்சைத் தூள் பறந்தது.

"அது காடா?"

"காடாக்கும். வெட்டல்லன்னா பாம்பு கெடக்கும், பால் எடுக்க போக முடியாது." சுனில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவினும்?"

களை என்று சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர்கள் புன்செய் நிலத்தைக் காடு என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைத் தவிர்க்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு குறிப்புகூடச் சேர்த்திருந்தேன். இங்கே கால் நூற்றாண்டாக ரப்பர் நிற்கும் நிலத்தில் புல் வளர்ந்தால் அது காடு என்று எனக்கு யார் சொல்வது? நான் யாரைக் கேட்டேன்? தங்கராஜிடம் நான் கேட்டது, நிலத்தை ஒழுங்காக வைத்திருக்கிறாயா என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒழுங்கான மனிதர் ஆமாம் என்றுதான் சொல்வார்.

போனை எடுத்தேன். படிவங்களைத் திருத்த முடியவில்லை. சிக்னல் கிடைத்த மாத்திரத்தில் அவை தாமாக ஐரோப்பாவுக்குப் போய்விட்டிருந்தன. முந்தைய நாள் மாலை சிக்னல் கிடைத்தபோது, நல்ல ஊர் என்று மகிழ்ந்தவன் நான்.

மேலாளரை அழைத்தேன். எப்போதும் அன்பாகப் பேசும் பெண்மணி அவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மொழிப் பிசகு என்பது புரிகிறது என்றார். பிறகு, "ஆனால் செயற்கைக்கோள் படமும் வந்திருக்கிறது. உங்கள் நாற்பத்தொரு நிலங்களில் பதினேழில் 2021க்குப் பிறகு மரங்கள் மறைந்திருக்கின்றன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கொட்டகைக்குத் திரும்பி ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார். "பழைய மரத்த முறிச்சிட்டு புதிய கன்னு வச்சோம் சாரே. பால் வத்திப்போனா முறிச்சு நடணும் இல்லியா? அந்தப் பதினேழு பேரு மரத்துக்கும் ஒரே சமயத்துலதான் வயசாச்சு." ஒரே வருஷத்தில் நட்ட மரங்கள், ஒரே வருஷத்தில் கிழடாகிவிட்டன. மேலே இருந்து பார்க்கிற கண்ணுக்கு ரப்பர் மரமும் காட்டு மரமும் ஒரே பச்சைதான். அந்தப் பச்சை போனது தெரிந்திருக்கிறது. கீழே இருக்கிறவர்களும் வெட்டினோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது, அங்கே முன்பும் ரப்பர்தான் நின்றது என்பதற்குச் சான்று வேண்டும் என்றார் மேலாளர். நிலப்பத்திரத்தில் புரயிடம் என்று மட்டும் எழுதியிருந்தது. அதில் வீடு, தென்னை, ரப்பர் எல்லாம் அடக்கம், எதுவும் தனியாக இல்லை. விற்ற ரசீதுகளோ வியாபாரிகளின் துண்டுச் சீட்டுகள். என்ன செய்வது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கொட்டகையில் ஷீட் தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "கல்யாண ஆல்பம் உண்டே" என்றாள்.

நான்காம் நாள் அந்தக் கொட்டகை ஆல்பங்களால் நிறைந்தது. தங்கராஜ் தன் கல்யாண ஆல்பத்தை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தார். மாலையோடு மெலிந்த தங்கராஜ், மீசை அப்போதே இருந்தது, பின்னால் வரிசையாக ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் பால் சிரட்டை. இன்னொருவர் பிள்ளையின் ஞானஸ்நானப் படம் கொண்டுவந்தார். இன்னொருவர் தகப்பனாரின் சவ ஊர்வலப் படம். அழுகிற முகங்களுக்குப் பின்னால் அதே மரங்கள் அதே சிரட்டைகளோடு நின்றன. இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாமே ரப்பர் மரத்துக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் நான் போனில் படமெடுத்து, காடு வெட்டவில்லை என்று திருத்திய வாக்குமூலத்தோடு மேலாளருக்கு அனுப்பினேன். எடுக்க எடுக்க எனக்கு நம்பிக்கை வந்தது. ஸ்டெல்லா கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தார். அன்று முழுக்கச் சாப்பிட்டேன், கொட்டைச் சோறுகூட இறங்கிற்று.

"மக்கா, சார் சிரிக்காரு பாரு" என்றார் ஸ்டெல்லா ஷீட் தட்டும் பெண்ணிடம்.

அன்று மத்தியானமே நாகர்கோவிலிலிருந்து பெட்டியும் வந்து சேர்ந்தது. கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்து ஐரோப்பாவின் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எங்காவது கல்யாண ஆல்பத்துக்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன்.

ஐந்தாம் நாள் காலையில் பதில் வந்திருந்தது. மேலாளர் நீளமாக, வருத்தத்தோடு எழுதியிருந்தார். புகைப்படங்களில் இடக்குறியீடு இல்லை, எந்த மரம் எந்த நிலத்தில் என்று உறுதி செய்ய இயலாது. முதல் வாக்குமூலமும் செயற்கைக்கோள் படமும் ஒத்துப்போகின்றன, திருத்திய வாக்குமூலம் ஒத்துப்போகவில்லை; அப்படி வரும்போது முதலாவதை ஏற்க வேண்டும் என்பது விதி. மறு விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்திய வரைவை இன்னும் பயன்படுத்த முடியாது. சிங்கப்பூர் பட்டியலில் மஞ்சள்.

கொட்டகையில் எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். "சிங்கப்பூர்ல மஞ்சள் குடுத்திருக்காங்க."

தங்கராஜ் மீசை விரியச் சிரித்தார். "மஞ்சள் கிட்டியாச்சா? அது நல்லதாக்குமே." பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். அவர்கள் ஊரில் மஞ்சள் அட்டைதான் எல்லாவற்றுக்கும் முதலில் வருவது.

அது அப்படி இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். முழுக்கச் சொன்னேன், என் கேள்வியையும் சேர்த்து. தப்பு என்னுடையது என்றபோது ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தங்கராஜ் தன் ஆல்பத்தைத் தேடி எடுத்து, அட்டையைத் துண்டால் துடைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லா மட்டும் கேட்டார். "நீங்க காடு வெட்டினியளாண்ணு கேட்டிய. வெட்டல்லன்னு பொய் சொல்லியிருந்தா கிட்டியிருக்குமா சாரே?"

கிடைத்திருக்கும் என்றேன். உண்மை அதுதான். பொய் சொல்லியிருந்தால் செயற்கைக்கோளைப் பற்றி மட்டும் கேட்டிருப்பார்கள், மறுநடவு என்று எழுதி முடித்திருப்பேன். ஸ்டெல்லா உருளைக்கு முன்னால் போய் நின்று அன்றைய ஷீட்டைத் தட்ட ஆரம்பித்தார். பால் காத்திருக்காது, மத்தியானத்துக்குள் உறைந்துவிடும்.

திரும்பும்போதும் சுனில்தான் பாறசாலை ஸ்டேஷன் வரை ஆட்டோ ஓட்டினார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுவந்து வண்டிக்குள் வைத்து, என் கையை எடுத்து அதன் பிடியில் வைத்தார். "இந்த தடவ மறக்காண்டாம்" என்றார். ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது.

சிங்கப்பூருக்கு வந்து அறிக்கை எழுதினேன். நான்கு பட்டியல்கள், நான்கு நெடுவரிசைகள், ஒப்பீட்டு அட்டவணை. கடைசியில் ‘வட்டாரச் சொல்வழக்கு காரணமான பிழை’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். சுருக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை ‘காடழிப்பு’ என்றே போடலாம் என்று தீர்மானமாயிற்று. அந்தச் சொல் யாருக்கும் புரியாது, அதனால் பிழையும் வராது.

பிப்ரவரியில் ஸ்டெல்லா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மார்ச் வரை இழுக்க வேண்டாம் என்று கொட்டகையை அப்போதே நிறுத்திவிட்டார்கள். பாலை வியாபாரி வந்து வண்டியில் எடுத்துப் போகிறான். ஸ்டெல்லா காலை ஐந்தரை பேருந்தில் பழையபடி மார்த்தாண்டம் போகிறார். சுகம்தான் என்று எழுதியிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் தங்கராஜிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய நிலம், மரங்களின் அடி தெரியாமல் இடுப்பு உயரத்துக்குப் பச்சை. நடுவில் அவர் நிற்கிறார், மார்புக்கு மேல்தான் தெரிகிறது. கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதைப் போல நேராக நிற்கிறார். கீழே குரல் பதிவு.

"சாரே, தங்கராஜாக்கும். நீங்க போன பொறவு நாங்க ஒருத்தரும் காடு வெட்டல்ல. நாப்பத்தொரு பேரும் வெட்டல்ல. நல்லா வளந்து நிக்குது, மேல இருந்து பாத்தா தெரியும். பால் எடுக்க போறதுக்குத்தான் இத்திரி பயம், பாம்பு உண்டு. இனி எங்கள பட்டியல்ல சேத்துக்கிடுவினுமா?"

மூன்று முறை கேட்டேன். பதில் இன்னும் அனுப்பவில்லை. அவர் செய்தியை நான் கேட்டுவிட்டேன் என்பது மட்டும் அவர் போனில் தெரிந்திருக்கும்.